அரியூர் நாட்டுக்கு எம்.பி. யார்? - ராசிபுரம், நாமக்கல் தொகுதிகளின் கதை

கொல்லிமலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு விஷயங்களைத்தான் பேசுவார்கள். ஒன்று, காரவள்ளியில் இருந்து மேலே ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள். இன்னொன்று, ஆகாய கங்கை அருவி. கொஞ்சம் இலக்கியம் படித்தவர்கள் வல்வில் ஓரியையும் சேர்த்துக் கொள்வார்கள். ஆனால் அந்த மலையில் வாழும் மக்கள் யாருக்கு ஓட்டுப் போடுகிறார்கள், அவர்கள் ஓட்டு டெல்லி வரை எப்படிப் போய்ச் சேருகிறது என்பதைப் பற்றிப் பேச்சே இருக்காது. சுற்றுலாக் கட்டுரைகளில் அதற்கு இடமும் இல்லை.

கொல்லிமலையில் ஊர்களை விட நாடுகள்தான் முக்கியம். அரியூர் நாடு, வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, குண்டூர் நாடு, ஆலத்தூர் நாடு, தேவனூர் நாடு, சேளூர் நாடு என்று மொத்தம் 14 நாடுகள். ஒவ்வொரு நாட்டுக்குள்ளும் பல சிற்றூர்கள். இன்று இந்த 14 நாடுகளும் 14 ஊராட்சிகள். பஞ்சாயத்து ராஜ் வருவதற்கு வெகுகாலம் முன்பே நாட்டுக்கு ஒரு பெரியவர், ஊருக்கு ஒரு கவுண்டர் என்று சொந்தமாக ஒரு நிர்வாக முறையை வைத்திருந்தவர்கள் இந்த மக்கள். தமிழில் பார்லிமெண்டுக்கு "நாடாளுமன்றம்" என்று பெயர். பெயரிலேயே "நாடு" என்று வைத்திருக்கும் 14 ஊராட்சிகள், அந்த நாடாளுமன்றத்தில் என்ன இடம் பெற்றிருக்கின்றன என்று பார்த்தால் ஒரு விசித்திரமான வரலாறு கிடைக்கிறது.

மலையாளிகள் - கேரளத்துக்காரர்கள் அல்ல!

முதலில் ஒரு விளக்கம். கொல்லிமலையில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் மலையாளி என்ற பழங்குடியினர். இவர்களுக்கும் கேரளத்துக்கும் சம்பந்தம் இல்லை. மலையை ஆள்பவர்கள், மலையில் வாழும் ஆட்கள் என்ற பொருளில் வந்த பெயர். பேசுவது தமிழ்தான். காஞ்சிபுரம் பக்கம் இருந்து அண்ணன் தம்பிகள் மூவர் கிளம்பி வந்து சேர்வராயன் மலை, பச்சைமலை, கொல்லிமலை மூன்றிலும் குடியேறினார்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை. சாமை, தினை, நெல், மரவள்ளி, மிளகு, காப்பி, பலா, வாழை என்று விவசாயம்தான் பிழைப்பு.

அரசின் பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயர் சில மாவட்டங்களுக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு இருக்கிறது. பழைய சேலம் மாவட்டம் அந்தப் பட்டியலில் உண்டு. கொல்லிமலை அந்தச் சேலம் மாவட்டத்தில் இருந்ததால் இம்மக்கள் பழங்குடியினர். (1997ல் நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது.) அதே மலையாளி மக்கள் ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழ்ந்தால் பட்டியலில் இல்லை! அவர்கள் பல ஆண்டுகளாகக் கோரிக்கை வைத்துப் போராடி வருகிறார்கள். இந்தப் பட்டியலில் ஒரு எழுத்தை மாற்ற வேண்டுமென்றாலும் சட்டசபையால் முடியாது. நாடாளுமன்றம்தான் சட்டம் இயற்ற வேண்டும். நரிக்குறவர், குருவிக்காரர் சமூகத்தைத் தமிழ்நாட்டின் பழங்குடியினர் பட்டியலில் சேர்ப்பதற்கான மசோதா 2022 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய பிறகுதான் அவர்களுக்கு அந்த உரிமை வந்தது. ஆகவே ஒரு பழங்குடி மனிதனின் வாழ்க்கையில் எம்.எல்.ஏ.வை விட எம்.பி.க்குச் சில விஷயங்களில் அதிக வேலை இருக்கிறது. இதை மனதில் வைத்துக் கொண்டு தேர்தல் கதைக்குப் போகலாம்.

1957 - இரட்டை உறுப்பினர் நாமக்கல்

நாமக்கல் என்ற பெயரில் நாடாளுமன்றத் தொகுதி 1957ல் நடந்த இரண்டாவது பொதுத்தேர்தலில் இருந்தது. அது ஒரு இரட்டை உறுப்பினர் தொகுதி. இன்றைய தலைமுறைக்கு இது புதுமையாக இருக்கும். ஒரே தொகுதியில் இரண்டு எம்.பி.க்கள். ஒருவர் பொது, இன்னொருவர் தாழ்த்தப்பட்டோருக்கான இடத்தில் வருபவர். ஒவ்வொரு வாக்காளருக்கும் இரண்டு ஓட்டு. இரண்டையும் ஒரே வேட்பாளருக்குப் போடக் கூடாது. அந்தக் காலத்தில் வாக்குச்சீட்டில் முத்திரை குத்தும் முறையும் கிடையாது. ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு பெட்டி, அதன் மேல் அவர் சின்னம். வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். அன்றைய சென்னை மாநிலத்தில் 34 தொகுதிகளுக்கு 41 எம்.பி.க்கள். அதாவது 7 தொகுதிகள் இரட்டைத் தொகுதிகள். அதில் ஒன்று நாமக்கல்.

அந்தத் தேர்தலில் நாமக்கல்லில் இருந்து போன இருவரில் ஒருவர் காங்கிரசின் எஸ்.ஆர்.ஆறுமுகம். இன்னொருவர் ஈ.வெ.கி.சம்பத். பெரியாரின் அண்ணன் மகன். தி.மு.க.வின் ஐம்பெரும் தலைவர்களில் ஒருவர். தி.மு.க. முதன்முதலாகத் தேர்தலில் நின்றது 1957ல்தான். அப்போது கட்சிக்கு அங்கீகாரம் கிடையாது; வேட்பாளர்கள் சுயேச்சைகளாகவே நின்றார்கள். சட்டசபைக்கு 15 பேர், நாடாளுமன்றத்துக்கு 2 பேர் ஜெயித்தார்கள். நாடாளுமன்றத்துக்குப் போன அந்த 2 பேரில் ஒருவர் திருவண்ணாமலையில் வென்ற இரா.தர்மலிங்கம், மற்றவர் நாமக்கல்லில் வென்ற சம்பத். மாநிலம் முழுக்க காங்கிரஸ் ஓங்கி நின்ற காலத்தில், கொல்லிமலை அடிவாரத்தில் இருந்து திராவிட இயக்கத்தின் குரல் டெல்லிக்குப் போனது.

அந்தக் குரல் வீணாகவும் போகவில்லை. இந்தி ஆட்சிமொழிப் பிரச்சனை சூடாக இருந்த நேரம் அது. இந்தி பேசாத மக்கள் விரும்பும் வரை ஆங்கிலம் தொடரும் என்று பிரதமர் நேரு 1959 ஆகஸ்டில் மக்களவையில் உறுதி கூறினார். அடுத்த ஆண்டு குடியரசுத் தலைவரின் ஆணை ஒன்றால் மீண்டும் சந்தேகம் கிளம்பியது. சென்னைக்கு வரும் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்துக்குக் கருப்புக்கொடி காட்டுவதென்று தி.மு.க. முடிவு செய்தது. அப்போது நேரு தன் உறுதிமொழியை மறுபடியும் உறுதிப்படுத்தி 1960 ஆகஸ்டில் ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதம் எழுதப்பட்டது நாமக்கல் எம்.பி.யான சம்பத்துக்கு! கருப்புக்கொடிப் போராட்டம் கைவிடப்பட்டது. மொழிப்போர் வரலாற்றில் "நேருவின் உறுதிமொழி" என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுவதில் இந்தக் கடிதத்துக்கும் பங்கு உண்டு. நாமக்கல் தொகுதி இந்திய அரசியலில் பதித்த மிகப் பெரிய முத்திரை இதுவாகத்தான் இருக்கும்.

1961ல் சம்பத் தி.மு.க.வை விட்டு விலகித் தமிழ்த் தேசியக் கட்சி ஆரம்பித்தார். பிறகு அதைக் காங்கிரசோடு இணைத்தார். (பிற்காலத்தில் மத்திய இணை அமைச்சராக இருந்த ஈ.வெ.கி.ச.இளங்கோவன் இவருடைய மகன்.) அதே 1961ல் இரட்டை உறுப்பினர் தொகுதிகளைச் சட்டம் ஒழித்தது. 1962 தேர்தலில் நாமக்கல் ஒற்றைத் தொகுதி ஆனது. காங்கிரசின் வி.கே.ராமசாமி வென்றார். அதற்கு அடுத்த தொகுதிச் சீரமைப்பில், 1967 தேர்தலின் போது, நாமக்கல் என்ற பெயரே நாடாளுமன்றப் பட்டியலில் இருந்து காணாமல் போனது. திரும்பி வர 40 ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

1977 - ராசிபுரம் (தனி)

1977 தேர்தலில் ராசிபுரம் என்ற புதிய நாடாளுமன்றத் தொகுதி வந்தது. கொல்லிமலையை உள்ளடக்கிய சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதி இதற்குள் அடங்கியது. ராசிபுரம் தனித்தொகுதி, அதாவது தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்ட தொகுதி. சேந்தமங்கலமோ பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டமன்றத் தொகுதி.

ராசிபுரம் தொகுதியில் மொத்தம் 9 தேர்தல்கள் நடந்தன. முடிவுகள் இவை:

1977 - பி.தேவராஜன் (காங்கிரஸ்)
1980 - பி.தேவராஜன் (இந்திரா காங்கிரஸ்)
1984 - பி.தேவராஜன் (காங்கிரஸ்)
1989 - பி.தேவராஜன் (காங்கிரஸ்)
1991 - பி.தேவராஜன் (காங்கிரஸ்)
1996 - கே.கந்தசாமி (தமிழ் மாநில காங்கிரஸ்)
1998 - வெ.சரோஜா (அ.தி.மு.க.)
1999 - வெ.சரோஜா (அ.தி.மு.க.)
2004 - கே.ராணி (காங்கிரஸ்)

முதல் 5 தேர்தலிலும் ஒரே மனிதர். 1977ல் இருந்து 1996 வரை 19 ஆண்டுகள் தேவராஜன்தான் எம்.பி. இதைப் பார்த்தால் ராசிபுரம் காங்கிரசின் கோட்டை என்று தோன்றும். ஆனால் கூட்டணிக் கணக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கதை வேறு. 1977ல் காங்கிரஸ் அ.தி.மு.க.வோடு சேர்ந்து நின்றது. 1980ல் தி.மு.க.வோடு சேர்ந்து நின்றது. அந்தக் கூட்டணி தமிழ்நாட்டின் 39 இடங்களில் 37ஐப் பிடித்தது. 1984ல் மறுபடியும் அ.தி.மு.க. கூட்டணி. இந்திரா காந்தி சுட்டுக் கொல்லப்பட்டதும், எம்.ஜி.ஆர். அமெரிக்காவில் சிகிச்சையில் இருந்ததும் சேர்ந்து அனுதாப அலை வீசிய தேர்தல் அது. 1989லும் 1991லும் அதே அ.தி.மு.க. கூட்டணி. 1991ல் ராஜீவ் காந்தி ஸ்ரீபெரும்புதூரில் கொல்லப்பட்ட பிறகு 39க்கு 39.

ஆக, திராவிடக் கட்சிகள் இரண்டில் எது பக்கம் காற்று அடித்ததோ அந்தப் பக்கம் ஒவ்வொரு முறையும் காங்கிரஸ் இருந்தது. தமிழ்நாட்டு அரசியலில் அக்காலத்தில் எழுதப்படாத ஒரு ஒப்பந்தம் இருந்ததைப் பலர் எழுதியிருக்கிறார்கள். சட்டசபையில் திராவிடக் கட்சிக்குப் பெரும் பங்கு, நாடாளுமன்றத்தில் காங்கிரசுக்குப் பெரும் பங்கு. ராசிபுரம் இந்த ஒப்பந்தத்தில் காங்கிரசின் பங்காக வந்த தொகுதி. மலையில் இரட்டை இலைக்கும் உதயசூரியனுக்கும் சட்டசபைத் தேர்தலில் மோதிக் கொண்டவர்கள், எம்.பி. தேர்தலில் இரண்டில் ஏதோ ஒரு தரப்பு கைச் சின்னத்துக்கு வேலை செய்ய வேண்டியிருந்தது.

அந்தக் கூட்டணி 1996ல் உடைந்தபோது என்ன நடந்தது என்பதே இதற்குச் சாட்சி. காங்கிரஸ் தலைமை மறுபடியும் அ.தி.மு.க.வோடு போக முடிவு செய்ததை எதிர்த்து மூப்பனார் தமிழ் மாநில காங்கிரசைத் தொடங்கினார். தி.மு.க.வும் த.மா.கா.வும் சேர்ந்து நின்று 39 இடங்களையும் வென்றன. ராசிபுரத்தில் சைக்கிள் சின்னத்தில் கந்தசாமி ஜெயித்தார். 19 ஆண்டு காங்கிரஸ் கோட்டை ஒரே தேர்தலில் கரைந்தது.

அடுத்து வந்த 1998ல் அ.தி.மு.க. அணி மாநிலத்தில் 30 இடங்களைப் பிடித்தது. ராசிபுரத்தில் டாக்டர் வெ.சரோஜா வென்றார். ஒரே ஆண்டில் வாஜ்பாய் அரசு ஒரு ஓட்டில் கவிழ்ந்து 1999ல் மறுபடி தேர்தல். இம்முறை பா.ஜ.க. தி.மு.க.வோடு சேர்ந்தது. அந்த அணிக்கு 26 இடங்கள். அ.தி.மு.க.வுக்கு 10தான். அந்த 10ல் ராசிபுரமும் ஒன்று! அலைக்கு எதிராக நின்று சரோஜா மறுபடி வென்றார். 1957க்குப் பிறகு இப்பகுதி மாநிலத்தின் போக்குக்கு மாறாகத் தீர்ப்பு எழுதியது அப்போதுதான். (சரோஜா பின்னாளில் ராசிபுரம் எம்.எல்.ஏ.வாகி 2016 முதல் 2021 வரை சமூக நலத்துறை அமைச்சராக இருந்தார்.) 2004ல் தி.மு.க. - காங்கிரஸ் அணி 39ஐயும் அள்ளியபோது ராசிபுரத்தில் காங்கிரசின் கே.ராணி வென்றார். அதோடு ராசிபுரம் என்ற நாடாளுமன்றத் தொகுதியின் கதை முடிந்தது.

ஓட்டுப் போடலாம், போட்டியிட முடியாது

இங்கே அரியூர் நாட்டின் பக்கம் இருந்து ஒரு கேள்வி கேட்க வேண்டும். ராசிபுரம் தாழ்த்தப்பட்டோருக்கான தனித்தொகுதி. சட்டப்படி அங்கே தாழ்த்தப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவர்கள் மட்டுமே வேட்பாளர் ஆகலாம். பழங்குடியினர் அந்தப் பட்டியலில் வர மாட்டார்கள். அவர்களுக்குத் தனிப் பட்டியல். ஆகவே 1977ல் இருந்து 2004 வரை நடந்த 9 தேர்தலிலும் கொல்லிமலை மலையாளி ஒருவர் தன் சொந்தத் தொகுதியில் எம்.பி. தேர்தலுக்கு மனுத்தாக்கல் கூடச் செய்திருக்க முடியாது. ஓட்டுப் போடும் உரிமை உண்டு. நிற்கும் உரிமை அந்தத் தொகுதியில் இல்லை.

இதைத் தாழ்த்தப்பட்டோர் ஒதுக்கீட்டின் மீதான குறையாக எடுத்துக் கொள்ளக் கூடாது. ஒதுக்கீடு இல்லாமல் போயிருந்தால் அந்த மக்களின் பிரதிநிதிகள் அத்தனை பேர் நாடாளுமன்றத்துக்குப் போயிருக்கவே முடியாது. அதேபோல் சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதியில் சமவெளி ஊர்களில் வாழும் தாழ்த்தப்பட்டவர்களும் மற்றவர்களும் எம்.எல்.ஏ. தேர்தலில் நிற்க முடியாது. ஒருவருக்குக் கதவு திறக்கும்போது இன்னொருவருக்கு அந்தத் தொகுதி அளவில் அது மூடிக் கொள்கிறது. இது ஒதுக்கீட்டு முறையின் இயல்பு. பிரச்சனை எங்கே என்றால், தாழ்த்தப்பட்டோருக்கு மாநிலத்தில் 7 மக்களவைத் தொகுதிகள் உண்டு. பழங்குடியினருக்கு ஒன்றுகூட இல்லை.

ஏன் இல்லை? இதில் சதி எதுவும் கிடையாது, வெறும் கணக்குதான். மக்கள்தொகையில் அவர்கள் பங்கு எவ்வளவோ அந்த விகிதத்தில் இடம் ஒதுக்க வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். மக்களவைக்கு 330வது பிரிவு, சட்டசபைக்கு 332வது பிரிவு. கடைசியாக நடந்த தொகுதி மறுவரையறைக்கு எடுத்துக் கொள்ளப்பட்டது 2001 மக்கள்தொகைக் கணக்கு. அதன்படி தமிழ்நாட்டின் மக்கள்தொகை 6 கோடியே 24 லட்சம். பழங்குடியினர் 6 லட்சத்து 51 ஆயிரம். அதாவது 1.04 சதவீதம். 234 எம்.எல்.ஏ. இடங்களை இதனால் பெருக்கினால் 2.44 வரும். முழு எண்ணாக்கினால் 2. அந்த இரண்டுதான் ஏற்காடும் சேந்தமங்கலமும். (அதற்கு முன் மூன்று இருந்தன. பச்சைமலைப் பகுதியின் உப்பிலியபுரம் அந்த மறுவரையறையில் மறைந்தது.) 39 எம்.பி. இடங்களை அதே விகிதத்தால் பெருக்கினால் 0.41. அரைக்குக் குறைவு. ஆகவே பூஜ்யம்!

தொகுதிக் கணக்கில் அரை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதைப் பார்த்தால் புரியும். ஆறரை லட்சம் மக்கள் ஒரு தசம புள்ளிக்குப் பிறகு வரும் எண்ணாகி, பிறகு அதுவும் இல்லாமல் போகிறார்கள்.

2009 - நாமக்கல் திரும்பி வருகிறது

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான மறுவரையறை ஆணையத்தின் முடிவுகள் 2008ல் நடைமுறைக்கு வந்தன. ராசிபுரம் மக்களவைத் தொகுதி நீக்கப்பட்டு நாமக்கல் மறுபடி உருவானது. சங்ககிரி, ராசிபுரம் (தனி), சேந்தமங்கலம் (பழங்குடியினர்), நாமக்கல், பரமத்திவேலூர், திருச்செங்கோடு ஆகிய 6 சட்டமன்றத் தொகுதிகள். இது பொதுத்தொகுதி. யார் வேண்டுமானாலும் நிற்கலாம். 32 ஆண்டுகளுக்குப் பிறகு கொல்லிமலைக்காரர் ஒருவர் எம்.பி. தேர்தலில் தன் தொகுதியிலேயே மனுத்தாக்கல் செய்யும் உரிமை 2009ல் திரும்பி வந்தது.

உரிமை வந்தது, ஆனால் வாய்ப்பு? புதிய நாமக்கல் தொகுதியின் குணமே வேறு. லாரிகள், லாரி பாடி கட்டும் பட்டறைகள், கோழிப் பண்ணைகள், முட்டை, திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் என்று பணம் புழங்கும் சமவெளி. கொங்கு வேளாளக் கவுண்டர்கள் எண்ணிக்கையிலும் செல்வாக்கிலும் பலமாக இருக்கும் பகுதி. பெரிய கட்சிகள் வேட்பாளரைத் தேடும்போது பார்வை இயல்பாகவே அந்தப் பக்கம்தான் போகும்.

2009ல் தி.மு.க.வின் செ.காந்திச்செல்வன் ஒரு லட்சத்துக்கும் அதிகமான வாக்கு வித்தியாசத்தில் அ.தி.மு.க.வின் வைரம் தமிழரசியை வென்றார். மத்திய சுகாதாரத்துறை இணை அமைச்சர் ஆனார். 2013ல் தி.மு.க. மத்திய அரசில் இருந்து விலகியபோது பதவியைத் துறந்தார். 2014ல் ஜெயலலிதா தனித்து நின்று 37 இடங்களை வென்ற தேர்தலில் அ.தி.மு.க.வின் பி.ஆர்.சுந்தரம் சுமார் 2 லட்சத்து 94 ஆயிரம் ஓட்டு வித்தியாசத்தில் காந்திச்செல்வனைத் தோற்கடித்தார். 2019ல் காற்று திரும்பியது. தி.மு.க. அணியில் கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சிக்கு நாமக்கல் ஒதுக்கப்பட்டது. கோழிப் பண்ணைத் தொழிலில் இருந்து வந்த ஏ.கே.பி.சின்ராஜ் உதயசூரியன் சின்னத்திலேயே நின்று சுமார் 2 லட்சத்து 65 ஆயிரம் வித்தியாசத்தில் வென்றார். கட்சி வேறு, சின்னம் வேறு என்பதால் நாடாளுமன்றக் கணக்கில் அவர் தி.மு.க. உறுப்பினர்!

2024ல் அதே கட்சிக்கே தொகுதி மறுபடி போனது. முதலில் அறிவிக்கப்பட்ட வேட்பாளர் சர்ச்சைக்குப் பிறகு மாற்றப்பட்டு வி.எஸ்.மாதேஸ்வரன் நிறுத்தப்பட்டார். அ.தி.மு.க. சார்பில் எஸ்.தமிழ்மணி. பா.ஜ.க. சார்பில் கே.பி.ராமலிங்கம், 1996ல் தி.மு.க. சார்பில் திருச்செங்கோடு எம்.பி.யாக இருந்தவர். மாநிலம் முழுக்க தி.மு.க. அணி 39ஐயும் வென்ற தேர்தல் அது. ஆனால் நாமக்கல்லில் மாதேஸ்வரன் 4,62,036 ஓட்டுகளும், தமிழ்மணி 4,32,924 ஓட்டுகளும் வாங்கினார்கள். வித்தியாசம் 29,112 மட்டுமே.

29 ஆயிரமும் 40 ஆயிரமும்

இந்த எண்ணைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி கொல்லிமலை ஒன்றியத்தின் மக்கள்தொகை சுமார் 40 ஆயிரம். நாமக்கல் தொகுதியின் மொத்த வாக்காளர்கள் 2024ல் சுமார் பதினான்கரை லட்சம். சிறு குழந்தைகளையும் சேர்த்து எண்ணினாலும் மலையின் பங்கு 3 சதவீதத்தை எட்டாது. ஒரு லட்சம், இரண்டு லட்சம், மூன்று லட்சம் என்று வித்தியாசம் இருந்த தேர்தல்களில் 14 நாடுகளும் சேர்ந்து ஒரே பக்கம் விழுந்தாலும் முடிவு மாறியிருக்காது. வேட்பாளர்கள் 70 வளைவு ஏறி வருவது மரியாதைக்காக என்றுதான் சொல்ல வேண்டும். 2009ல் தொகுதி புதிதாக வந்ததில் இருந்து, வெற்றி வித்தியாசம் மலையின் மக்கள்தொகையை விடக் குறைந்தது 2024ல்தான் முதல் முறை. நெருக்கமான போட்டி வந்தால் சிறிய மக்கள் கூட்டத்துக்கும் மதிப்பு வருகிறது. அலை அடிக்கும் தேர்தலில் அந்த மதிப்பு மூழ்கிப் போகிறது.

சட்டசபைத் தேர்தலில் நிலைமை இதற்கு நேர்மாறு. சேந்தமங்கலத்தில் எல்லாக் கட்சியும் பழங்குடி வேட்பாளரைத்தான் நிறுத்தியாக வேண்டும். 2006ல் தி.மு.க.வின் கு.பொன்னுசாமி, 2011ல் தே.மு.தி.க.வின் ஆர்.சாந்தி, 2016ல் அ.தி.மு.க.வின் சி.சந்திரசேகரன், 2021ல் மறுபடி பொன்னுசாமி என்று ஒவ்வொரு முறையும் மக்கள் மாற்றிப் போட்டிருக்கிறார்கள். 2021ல் சந்திரசேகரனுக்குக் கட்சி மறுபடி வாய்ப்புத் தராததால் அவர் சுயேச்சையாகவே நின்றார். கொல்லிமலையைச் சேர்ந்த பொன்னுசாமி பதவியில் இருக்கும்போதே 2025 அக்டோபரில் மாரடைப்பால் இறந்தார். மலைக்காரர் ஒருவர் கோட்டைக்குப் போய்ப் பேச முடிகிறது என்றால் அதற்குக் காரணம் அந்த 2.44ல் இருந்து வந்த 2.

ஆனால் மலையின் பெரிய கேள்விகள் பலவும் டெல்லியில்தான் தீர்மானிக்கப்படுகின்றன. வன உரிமைச் சட்டத்தை எடுத்துக் கொள்ளலாம். 2006 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் அது. தலைமுறை தலைமுறையாகக் காட்டில் வாழ்பவர்களுக்கு அந்த நிலத்தின் மீது உரிமை தரும் சட்டம். தமிழ்நாட்டில் 2008ல் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் பட்டா கொடுப்பது முடங்கியது. 2016ல்தான் உச்ச நீதிமன்றத்தில் அந்தத் தடை விலகியது. இடையில் போனது 8 ஆண்டுகள். தமிழ்நாட்டில் இருந்து பழங்குடி எம்.பி. ஒருவர் இருந்திருந்தால் இது சீக்கிரம் தீர்ந்திருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் மக்களவையில் வருடா வருடம் எழுந்து நின்று கேட்பதற்கு ஒருவர் இருந்திருப்பார்.

சாலை விஷயமும் அப்படித்தான். இதே நாமக்கல் மக்களவைத் தொகுதிக்குள், ராசிபுரம் பக்கத்தில் போதமலை இருக்கிறது. கீழூர், மேலூர், கெடமலை என்று மூன்று சிற்றூர்கள். வாக்குப்பதிவு இயந்திரத்தைத் தலையிலும் தோளிலும் சுமந்து கொண்டு அதிகாரிகள் நடந்தே மலை ஏறிப் போவது ஒவ்வொரு தேர்தலிலும் செய்தித்தாளில் படமாக வரும். சுதந்திரம் அடைந்து 75 ஆண்டுகள் கழித்துத்தான் அங்கே சுமார் 140 கோடி ரூபாயில் சாலைக்கு அனுமதி கிடைத்தது. தேர்தல் நாளில் இயந்திரம் போன அதே பாதையில்தான் மற்ற நாட்களில் பிரசவ வலி கண்ட பெண்களைத் தொட்டில் கட்டித் தூக்கி வந்தார்கள்.

இனி என்ன?

அடுத்த தொகுதி மறுவரையறை எப்படி அமைந்தாலும், இந்தப் பழைய கணக்கு மறுபடி மேசைக்கு வரும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7 லட்சத்து 95 ஆயிரம், 1.1 சதவீதம். அந்த விகிதத்தில் 234 சட்டமன்ற இடங்களுக்குக் கணக்குப் போட்டால் 2.58. அதாவது இரண்டு மூன்றாகும். 39 மக்களவை இடங்களுக்கு 0.43. மறுபடியும் பூஜ்யம். 39 இடங்களே இருந்தால் பழங்குடியினர் பங்கு 1.28 சதவீதத்தைத் தாண்ட வேண்டும். அல்லது பங்கு இப்படியே இருந்து மாநிலத்தின் இடங்கள் 46 ஆக வேண்டும், அப்போது 0.51 வந்து அரையைத் தாண்டும். தமிழ்நாட்டுக்கு எத்தனை எம்.பி. என்ற பெரிய சண்டைக்குள் இப்படி ஒரு சின்னக் கணக்கும் ஒளிந்து கொண்டிருக்கிறது.

இதற்காகக் காத்திருக்கத்தான் வேண்டுமா என்றால், அவசியம் இல்லை. பொதுத்தொகுதியில் பழங்குடியினர் நிற்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஒரு பெரிய கட்சி நினைத்தால் நாமக்கல்லிலோ வேறு தொகுதியிலோ நாளைக்கே ஒரு மலையாளியை நிறுத்தலாம். மாநிலங்களவைக்கு அனுப்புவது இன்னும் சுலபம், அதற்கு மக்கள்தொகை விகிதமும் தேவையில்லை, 14 லட்சம் ஓட்டும் தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

அரியூர் நாட்டில் 1957ல் முதல் ஓட்டைப் போட்ட ஒருவர் 2024 வரை வாழ்ந்திருந்தால், அவர் நாமக்கல், ராசிபுரம், மறுபடி நாமக்கல் என்று தொகுதியின் பெயர்கள் மாறியதைப் பார்த்திருப்பார். பெட்டியில் சீட்டுப் போட்டதில் இருந்து பொத்தானை அழுத்துவது வரை பார்த்திருப்பார். பசுவும் கன்றும், கை, சைக்கிள், இரட்டை இலை, உதயசூரியன் என்று எத்தனையோ சின்னங்கள் அவர் பகுதியில் ஜெயித்திருக்கும். இவ்வளவு காலத்தில் தன் மலையைச் சேர்ந்த ஒருவர் பெயரை எம்.பி. என்ற பட்டத்தோடு சேர்த்து அவர் கேட்டிருக்க மாட்டார். நாடுகளைப் பெயரில் வைத்திருக்கும் மலைக்கு நாடாளுமன்றம் மட்டும் இன்னும் 70 வளைவுக்குக் கீழேதான் இருக்கிறது.